பிடியரிசிப் பெட்டி வைத்தவன்

எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். விழுப்புரம் ஜங்ஷனில் கூட்ஸ் ஆபீஸ் குமாஸ்தாவாக இருந்தவனுக்குப் புத்தி வேறு எப்படிப் போகும்? எந்த மூட்டை எந்த வண்டியில் ஏறியது என்று யாராவது கேட்டால் நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவேன். அந்தத் திமிரோடுதான் ஐம்பதுகளின் கடைசியில், நாங்கள் குடியிருந்த திண்டிவனத்தில், எங்கள் சபையின் ஓய்வுநாள் பள்ளி ஊழியத்துக்குச் செகரட்டரி ஆனேன்.

ஊழியம் என்றால் பெரிதாக ஒன்றும் இல்லை. ஞாயிறு ஆராதனை முடிந்து சாப்பிட்டானதும் சபையார் சிலர் சைக்கிளிலும் நடந்தும் சுற்றுக் கிராமங்களுக்குப் போவார்கள். அங்கே பிள்ளைகளை மரத்தடியில் உட்காரவைத்துப் பாட்டும் வேதக் கதையும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவார்கள். சம்பளம் கிடையாது, போனால் ஒரு சொம்பு மோர் கிடைக்கும். இந்த வேலைக்கு ஆள் பிடிப்பதும், பிடித்த ஆள் நழுவாமல் பார்த்துக்கொள்வதும் செகரட்டரியின் பொறுப்பு.

நான் உடனே ஒரு பாரம் தயார் செய்தேன். பெயர், தொழில், சைக்கிள் உண்டா இல்லையா, பாடத் தெரியுமா என்று கேள்விகள். கடைசியில், 'ஓராண்டுக் காலம் தவறாமல் ஊழியம் செய்ய ஒப்புக்கொள்கிறேன்' என்று ஒரு வரி, அதன் கீழ் கையெழுத்துக்கு இடம். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எழுந்து நின்று, மனமுள்ளவர்கள் பாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று அறிவித்தேன். சபை மொத்தமும் பாட்டுப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டது. மூன்று பாரம் திரும்பி வந்தது. ஒன்று காது கேட்காத மூப்பருடையது. இன்னொன்று அடுத்த மாதம் கல்யாணமாகி ஊரை விட்டே போகப்போகிற பையனுடையது. மூன்றாவது என் மைத்துனருடையது, அதில் கையெழுத்துப் போட்டதே நான்தான்.

ஆனால் வகுப்புகள் நடந்தன. எங்கிருந்தோ ஆட்கள் வந்தார்கள். தந்தி லைன்மேன் ஒருவர் திடீரென்று ஒரு ஞாயிறு சைக்கிளோடு வந்து, "நான் ஒரு மூணு வாரம் போய் வர்றேங்க" என்றார். அவர் மூன்று வருஷம் போனார். இப்படித்தான் ஒவ்வொருவராக வந்தார்கள். என் அறிவிப்பு மெதுவாக வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் அழைப்போம். அந்த ஐயரும் என்னைக் கூட்டத்தில் பாராட்டினார். நானும் தலையைக் குனிந்து வாங்கிக்கொண்டேன்.

இப்போது பிடியரிசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் சபை வீடுகளில் உலை வைக்கும்போது, அளந்த அரிசியிலிருந்து பெண்கள் ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவார்கள். அது ஆண்டவருக்கு. சேர்ந்த அரிசி சபையில் கஷ்டப்படும் விதவைகளுக்குப் போகும். சனிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய் அதை வாங்கிவருவது, கோயில் மணி அடிப்பவருடைய மனைவியின் வேலை. மாவு மூட்டைத் துணியில் தைத்த பை ஒன்று தோளில் தொங்கும். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், கட்டை குட்டையான உருவம், எழுதப் படிக்கத் தெரியாது. எல்லோருக்கும் அவர் 'பிடியரிசி அக்கா'தான்.

அவர் நடை எனக்குப் பிடிக்காது. தெருக்கோடி வரைக்கும் போய்வர ஒரு மணி நேரம் போதும், அவருக்கோ சனிக்கிழமை முழுக்கத் தேவைப்பட்டது. ஒவ்வொரு வீட்டிலும் சமையலறைப் பக்கத்துப் படியில் உட்கார்ந்துவிடுவார். அரிசி பையில் விழுந்த பிறகும் எழுந்திருக்க மாட்டார். உள்ளங்கையில் நாலு மணியை வைத்து உருட்டிக்கொண்டே இருப்பார். இதென்ன வெட்டிப் பொழுது என்று எனக்கு எரிச்சலாக வரும்.

அந்த எரிச்சலில்தான் பெட்டி யோசனை பிறந்தது. கோயில் வாசலில் மூடி போட்ட ஒரு மரப்பெட்டி. ஞாயிறு வரும்போது அவரவர் பிடியரிசியைக் கொண்டுவந்து கொட்டிவிட்டால் ஒருவருக்கும் அலைச்சல் இல்லை. ஐயருக்கும் அது நல்லதாகவே பட்டது. அக்காவைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "சரிங்க சார், எனக்கும் நடை மிச்சம்" என்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, நானும் தேடிப் பார்க்கவில்லை. அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமைகளில், வேர்க்கடலை உடைக்கும் மல்லாட்டை மில்லுக்குப் பருப்புப் பொறுக்கப் போக ஆரம்பித்தார்.

பெட்டி பிரமாதமாக வேலை செய்தது. முன்னைவிட அதிக அரிசி சேர்ந்தது. பெண்களைப் போல ஒரு பிடி எடுக்க ஆண்களுக்குத் தெரியாது, அவர்கள் படியோடு கொண்டுவந்து பத்துப் பேர் பார்க்கக் கொட்டினார்கள். நானும் எங்கள் வீட்டு மூட்டையிலிருந்து வாராவாரம் ஒரு படி அளந்துபோய், செகரட்டரி என்கிற கம்பீரத்தோடு முதல் ஆளாகக் கொட்டுவேன்.

அது ஆடி மாதம். மழைக்காலம் முடிவதற்குள் ஊழியத்தில் ஓட்டை விழ ஆரம்பித்தது. ஒருவருக்கு இடுப்பு வலி, ஒருவருக்கு வீட்டில் விருந்தாளி, ஒருவர் காரணமே சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் முடிந்ததும் லைன்மேனும் நின்றுவிட்டார். எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. எல்லோருக்கும் கார்டு போட்டேன். 'தாங்கள் கையொப்பமிட்ட ஒப்புதலை நினைவூட்டுகிறேன்' என்று எழுதினேன். அவர்களில் ஒருவர்கூடப் பாரத்தில் கையெழுத்துப் போட்டவர் இல்லை. லைன்மேனுக்கும் அதே கார்டுதான் போனது. அதன் பிறகு என்னைத் தெருவில் கண்டால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார். அட்டையில் வில்லை செய்து 'ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்' என்று எழுதிச் சட்டையில் குத்திக்கொள்ளக் கொடுத்தேன். வில்லைகளை வாங்கிக்கொண்டார்கள், ஆனால் கிராமத்துக்குப் போகவில்லை.

ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாட்களில் ஐயர் என்னைக் கூப்பிட்டார். பிரம்மதேசம் போகிற வழியில் ஒரு சின்ன ஊர், அங்கே புளியமரத்தடியில் நடந்த வகுப்புக்கு மூன்று வாரமாக யாருமே போகவில்லை. "தம்பி, பிள்ளைங்களை ஏமாத்திக்கினு இருக்கறதை விட நிறுத்திடறது மேல். ஈஸ்டருக்குள்ள யாராவது கெடைச்சா பாருங்க, இல்லன்னா மூடிடலாம்" என்றார். குரலில் கோபமே இல்லை, அதுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஞாயிறு நானே சைக்கிளை எடுத்துக்கொண்டு போனேன். புளியமரத்தடியை அடைந்ததும் இறங்கி நின்றுவிட்டேன். மரத்தைச் சுற்றி ஒரு சருகு இல்லை. விளக்குமாற்றுக் கோடு அழியாமல் மண் சுத்தமாக இருந்தது. நடுவில் ஒரு முக்காலி, அதன் மேல் துவைத்த துண்டு ஒன்று விரித்திருந்தது. பதினைந்து இருபது பிள்ளைகள் எண்ணெய் வைத்துத் தலைவாரி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். போன வாரமும், அதற்கு முந்தின வாரமும் இப்படித்தான் பெருக்கிவைத்து உட்கார்ந்திருந்து, வெயில் தாழ்ந்த பிறகு எழுந்து போனார்களாம். ஒரு சின்னப் பெண்தான் சொன்னாள், புகாராகக்கூட அல்ல.

நான் வகுப்பு எடுத்த லட்சணத்தைச் சொல்லிப் பயனில்லை. எனக்குப் பாட்டு வராது. கதையைச் சரக்கு ரசீது மாதிரி வாசித்தேன். பிள்ளைகள் மரியாதைக்காகக் கேட்டுக்கொண்டார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தத் துண்டு விரித்த முக்காலிதான் கண்ணில் நின்றது. இந்த வகுப்பு மட்டும் மூடக்கூடாது என்று மனசுக்குள் அப்படி ஒரு தவிப்பு. எனக்கு அழுகை வந்தது என்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்ப மாட்டார்கள்.

மறுநாளிலிருந்து விழுப்புரம் பாசஞ்சர் விட்டு இறங்கியதும் நேராக வீட்டுக்குப் போகாமல், நின்றுபோனவர்கள் வீட்டுக்கெல்லாம் போனேன். ஆண்கள் பிடி கொடுக்கவில்லை. ஆனால் மூன்று வீடுகளில் பெண்கள் வாசல் வரைக்கும் வந்து ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "பிடியரிசி அக்கா ஏன் சார் வீட்டுப் பக்கம் வர்றதே இல்ல? பெட்டி வெச்சுட்டா வரக் கூடாதா?" லைன்மேன் மனைவி மட்டும் கூடவே ஒன்று சொன்னார். "அவங்க வந்தா ஒரு விஷயம் சொல்லலாம்னு இருந்தேன்." என்னிடம் சொல்லலாமே என்றேன். சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் மண்டையில் ஏறியது. ஆள் பிடித்தது என் பாரம் இல்லை. ஆளை விடாமல் வைத்திருந்ததும் நான் இல்லை.

சனிக்கிழமை லீவு போட்டுவிட்டு மல்லாட்டை மில்லுக்குப் போனேன். களத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பருப்பில் சொத்தை பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா நிமிர்ந்து பார்த்துவிட்டு, "என்னா சார், ரயிலு போயிடுச்சா?" என்றார். பக்கத்தில் இருந்த பெண்கள் சிரித்தார்கள். "மேஸ்திரி திட்டுவாரு, நீங்க சொல்லுங்க, கேட்டுக்கினே பொறுக்கறேன்" என்று தலையைக் குனிந்துகொண்டார்.

நின்றபடியே சொன்னேன். "அக்கா, பெட்டிய எடுத்துடறேன். நீங்க பழையபடி வீட்டுக்கு வீடு வரணும்."

"எதுக்குங்க? பெட்டில நெறைய சேருதுன்னு சொன்னாங்களே."

"அரிசி சேருது. ஆளுங்கதான் போயிட்டாங்க. நான் செஞ்சது தப்புக்கா." பதினைந்து பெண்களுக்கு எதிரே இதைச் சொன்னேன். அக்கா கையிலிருந்த பருப்பை முறத்தில் போட்டுவிட்டு, "மத்தியானம் வரைக்கும் கூலி வேலை இருக்குது. அப்புறம் போலாம். நீங்களும் வாங்க, பையத் தூக்கணும்" என்றார்.

அன்றைக்கு மத்தியானம் செகரட்டரி பையைத் தூக்கிக்கொண்டு அந்த அம்மாள் பின்னால் போனதை ஊரே பார்த்தது. லைன்மேன் வீட்டில் அக்கா வழக்கம்போல் பின்வாசல் படியில் உட்கார்ந்தார். வகுப்பைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. மாமியார் கால் வீக்கம், கிணற்றுத் தண்ணீர், பையன் பள்ளிக்கூடம் என்று போய்க்கொண்டிருந்தது. எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை. கடைசியில் லைன்மேன் மனைவி தானாகவே சொன்னார். வகுப்பில் ஒரு வாண்டு, யோனாவை விழுங்கிய மீனுக்குப் பெயர் என்ன என்று கேட்டிருக்கிறது. அஞ்சாம் வகுப்போடு நின்ற மனுஷன், பதில் தெரியாமல் வெட்கப்பட்டு அன்றோடு நின்றுவிட்டார். நான் போட்ட கார்டு அந்தப் புண்ணில் உப்பைத் தடவியிருக்கிறது.

"இதுக்காய்யா?" என்று அக்கா உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார். "தெரியாதுடா பையான்னு சொல்லிட்டுப் போவீங்களா! நான் ஒண்ணுமே தெரியாம முப்பது வருசமா கோயிலுக்கு வந்துக்கினு இருக்கேன், கர்த்தர் என்னை வெளியே தள்ளிட்டாரா?" உள்ளே லைன்மேன் சிரிப்பது கேட்டது. அவர் மறு ஞாயிறே தன் பழைய ஊர் வகுப்புக்குப் போய்விட்டார்.

நடந்துகொண்டே கேட்டதில் அக்காவின் முறை எனக்குக் கொஞ்சம் புரிந்தது. யாரையும் வருஷக்கணக்கில் கேட்க மாட்டாராம். மூன்று வாரம் மட்டும்தான் கேட்பார். மூன்றாவது வாரம் முடிந்ததும் மறக்காமல் அந்த வீட்டுக்குப் போய், "சொன்ன சொல்லக் காப்பாத்திட்டீங்க, இத்தோட விட்டுடலாம்" என்று சொல்லிவிடுவார். அவர் விடச் சொன்ன பிறகு விட்டவர்கள் ரொம்பக் கொஞ்சம். அப்படியே யாராவது விட்டாலும் அந்த வீட்டுப் படியில் அவர் உட்காருவது நிற்காது. கையெழுத்து வாங்கிக் கட்டிப்போடப் பார்த்த நான் இதைக் கேட்டுக்கொண்டே பின்னால் நடந்தேன். அவர் மேல் எனக்கு வந்த மரியாதையில் பை கனப்பது தெரியவில்லை.

ஆனால் புளியமரத்து வகுப்புக்கு இன்னும் ஆள் இல்லை. மற்றவர்களுக்கெல்லாம் அவரவர் ஊர் இருந்தது. தெருவும் முடிந்துவிட்டது, எங்கள் வீடு ஒன்றுதான் பாக்கி. "நம்ம வீட்டுத வாராவாரம் நானே பெட்டில போட்டுட்டேங்க்கா, அங்க வேணாம்" என்றேன். அக்கா காதில் வாங்கவில்லை. சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய்ப் படியில் உட்கார்ந்தார்.

"ஸ்தோத்திரம், தங்கச்சி."

என் மனைவி வெளியே வந்தாள். அக்காவைப் பார்த்ததும் உள்ளே திரும்பினாள். கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகர டின்னை இழுக்கும் சத்தம் கேட்டது. தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு வந்து படியில் வைத்தாள். மூடியைத் திறந்தால் விளிம்பு வரைக்கும் அரிசி, வண்டு வராமல் இருக்க இடையிடையே வேப்பிலை. ஆடி மாதத்திலிருந்து ஒவ்வொரு நாள் பிடியும் அதில்தான் இருந்தது.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. "இதை ஏன் பெட்டிக்குக் கொடுக்கல?" என்று கேட்டேன்.

"அவங்க வருவாங்கன்னு வெச்சிருந்தேன்" என்றாள். பிறகு அக்காவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள்.

பெட்டி வைப்பதற்கு முந்தின சித்திரையில் எங்களுக்கு ஒரு குழந்தை பிறந்து, அன்றைக்கே போய்விட்டது. நான் நாலாம் நாள் விழுப்புரத்துக்கு வேலைக்குப் போனேன். அதைப் பற்றிப் பேசினால் அவளுக்குக் கஷ்டம் என்று நான் பேசவில்லை, உண்மையில் எனக்குத்தான் கஷ்டம். சனிக்கிழமைதோறும் இந்த அக்கா அந்தப் படியில் உட்கார்ந்து, அரிசி மணியை உருட்டிக்கொண்டு, அவள் பேசுவதைக் கேட்டிருக்கிறார். எனக்கு அது தெரியாது. வெட்டிப் பொழுது என்று நான் எடுத்துப்போட்டது, என் வீட்டுக்காரிக்கு வாரத்தில் இருந்த ஒரே ஆறுதல்.

அழுது முடிகிற வரைக்கும் அக்கா அசையவில்லை. பிறகு முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, சாதாரணமாக, "தங்கச்சி, நீ நல்லாப் பாடுவியே. அந்தப் பிரம்மதேசத்து வழில பசங்க காத்துக்கினு கெடக்குதுங்களாம். ஒரு மூணு வாரம் போய் வர்றியா? நானும் கூட வர்றேன்" என்றார்.

அவளால் முடியாது என்று சொல்ல நான் வாயைத் திறந்துவிட்டேன். பிள்ளைகளைப் பார்த்தால் தாங்கமாட்டாள் என்பது என் எண்ணம். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "வர்றேங்க்கா" என்றாள். ஊர் முழுக்க ஆள் தேடிய செகரட்டரி தன் வீட்டுக்குள் கேட்கவில்லை. அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறு இருவரும் நடந்தே போனார்கள். மூன்று வாரம் ஆனதும் அக்கா சொன்ன சொல் தவறாமல் படியில் வந்து உட்கார்ந்து, "முடிஞ்சிது தங்கச்சி, விட்டுடலாம்" என்றார். "நீங்க விடுங்க, நான் விடல" என்றாள் இவள் சிரித்துக்கொண்டே. அவள் சிரித்து நான் ஒரு வருஷத்துக்கு மேல் கேட்டதில்லை. ஐயர் வகுப்பை மூடவில்லை. நான் பெட்டியைக் கோயில் வாசலிலிருந்து எடுத்து வந்து விறகுக்குப் பிளந்தேன்.

அறுபதுகளில் எங்கள் குடும்பமே விழுப்புரத்துக்கு, ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு மாறியது. அங்கேயும் சபை இருந்தது, ஆனால் இவள் ஞாயிறுதோறும் பாசஞ்சர் ஏறித் திண்டிவனம் போய், அங்கிருந்து புளியமரத்துக்கு நடப்பாள். ஒரு ஐப்பசி ஞாயிறு, விடிந்ததிலிருந்தே மழை. முந்தின நாள்வரைக்கும் அவளுக்குக் காய்ச்சல் வேறு. நான் சொன்னேன், "இன்னிக்கு ஒரு நாள் விடேன். இந்த மழையில யாரு வந்திருக்கப் போறாங்க?"

அவள் குடையைத் தேடிக்கொண்டே, "பிள்ளைங்க பெருக்கி வெச்சிருப்பாங்க" என்றாள்.

நான் எழுந்துபோய் அவளுக்கு டிபன் கேரியரில் சோறு கட்டினேன்.